முறை வைத்துக் கழற்றிய ஹோஸ்

வேறு ஊர்களில் காரின் எஞ்சினுக்குத் தண்ணீர் போகிற றப்பர் ஹோஸைக் கழற்றக் கத்தி போதும். நீளமாக ஒரு கீறல் கீறி, உரித்து எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். எங்களிடம் புதியது இல்லை. தொண்ணூறில் சண்டை தொடங்கிய பிறகு அரசாங்கம் றப்பர் சாமான் எதையும் இந்தப் பக்கம் வர விடவில்லை. இருக்கிறதைக் கழற்றி, இருக்கிறதையே திரும்பப் பூட்ட வேண்டும்.

நான் சுன்னாகத்தில் ஒரு கராச்சில் வேலை செய்தேன். கராச் என்றால் நாலு பனங்குற்றியும் மேலே தகரமும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்து எனக்கு அவ்வளவு வராது. தெரிந்ததை எழுதுகிறேன்.

ஸ்குறூட்றைவரைக் கிளிப்புக்கு மட்டும் எடுப்பேன். கிளிப் இளகியதும் ஸ்குறூட்றைவரைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுவேன். பக்கத்தில் கிடந்தால் கை தானாக அதற்குப் போகும். அதை ஹோஸுக்குள் விட்டு நெம்பினால் றப்பருக்குள் இருக்கிற துணி கிழியும். வெளியில் தெரியாது. கொஞ்ச நாளில் அந்த இடத்தால் தண்ணீர் கசியும். குறடு போட்டால் பல் பதியும். பைப் றென்ச் போட்டால் ஹோஸும் நசியும், அதற்குள் இருக்கிற றேடியேற்றரின் வாயும் சப்பளியும்.

நான் எடுத்தது ஒரு பித்தளைத் தேக்கரண்டி. காம்பைத் தட்டித் தட்டையாக்கி, நுனியைக் கொஞ்சம் வளைத்து, ஓரத்தைச் சீமெந்து நிலத்தில் தேய்த்தேன். தேய்த்துத் தேய்த்து நாக்கில் இழுத்துப் பார்த்தேன். நாக்கை வெட்டாதது ஹோஸையும் வெட்டாது.

சாக்குத் துண்டைச் சுடுதண்ணீரில் நனைத்து ஹோஸின் வாயில் சுற்றி வைப்பேன். றப்பர் இளகும். கரண்டிக் காம்பை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவேன். அந்த இடைவெளியில் செவ்வரத்தம் இலையைக் கசக்கி வழுவழுத்த சாறு விடுவேன். தேய்த்து வழுக்க வைக்கச் சவர்க்காரம் கிடைக்காத காலம், செவ்வரத்தை எல்லா வீட்டு வளவிலும் நின்றது. பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டும். திரும்பினால்தான் இழுக்கலாம். திரும்பாததை இழுத்தால் கிழியும்.

இதற்காகத்தான் அந்த அண்ணன் தம்பி என்னைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு பேரும் அடுத்தடுத்த வளவில் இருந்தார்கள். நடுவில் கிளுவை வேலி. வேலியில் ஆள் நுழைகிற அளவு ஒரு இடைவெளி, பொட்டு என்போம். தகப்பன் சாகும்போது ஒரே மாதிரி இரண்டு பழைய கார் விட்டுப் போனார். ஆளுக்கு ஒன்று. பெற்றோல் இல்லாததால் இரண்டும் மண்ணெண்ணெயில் வாடகைக்கு ஹயர் ஓடின. தகப்பனின் சாமான் தட்டில் ஒரு புதுக் கீழ் ஹோஸ் இருந்தது. பெரியவன் அதை ஒருவருக்கும் சொல்லாமல் எடுத்துத் தன் காரில் பூட்டிவிட்டான். கொஞ்ச நாளில் சின்னவனின் ஹோஸ் வெடித்தது. மேல் ஹோஸ் என்றால் நேர்க் குழாய், எதையாவது போட்டு ஓட்டலாம். கீழ் ஹோஸ் முழங்கை மாதிரி வளைந்தது. தோட்டத்துக்கு இறைக்கிற மெசினின் குழாயை வளைத்துப் போட்டேன். மடிந்து அடைத்தது. சைக்கிள் ரியூப்பைச் சுற்றிப் பார்த்தேன். சூட்டில் பிரிந்தது.

தகப்பனின் சாமானில் தனக்கும் பங்கு என்று சின்னவன் நின்றான்.

அவர்களின் தாய்க்கு ஒரு பக்கம் இழுத்துப் போயிருந்தது. இடது கையும் காலும் அசையாது. வாய் இருந்தது. தாயை ஒரு கிழமை பெரியவன் வைத்திருப்பான், ஒரு கிழமை சின்னவன். கார் ஓடாமல் அம்மாவுக்கு எப்படிச் சோறு போடுகிறது என்று சின்னவன் கேட்டான். தாய்மாமன் வந்து இருந்து தீர்ப்புச் சொன்னார். தாய் எந்த வீட்டிலோ ஹோஸும் அந்த வீட்டில். வெள்ளிக்கு வெள்ளி இரண்டும் சேர்ந்து மாறும்.

எங்கள் பக்கத்தில் பங்குக் கிணறு உண்டு. நாலு தோட்டத்துக்கு ஒரு கிணறு. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்து இறைப்பார்கள். அதே பழக்கத்தில் ஹோஸுக்கும் முறை வைத்தார்கள். கிணற்றை முறை மாற்றினால் கிணறு தேயாது. ஹோஸ் கழற்றக் கழற்றத் தேயும். அதை நான் சொன்னேன்.

"நீ கழட்டுறவன். கழட்டு" என்றார் தாய்மாமன்.

வெள்ளி காலை போவேன். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. என்னிடம் சொல்லி மற்றவனுக்குக் கேட்கப்பண்ணுவார்கள்.

"மெல்லடா, மெல்ல" என்று பெரியவன் என் தலைக்கு மேல் நிற்பான். "உது உன்ரை கொப்பர் வீட்டுச் சாமான் இல்லை."

பொட்டடியில் சின்னவன் நிற்பான். அவன் அண்ணை என்பது என்னை. "அண்ணை, உள்ளுக்கை விரலை விட்டு வடிவாத் தடவிப் பாருங்கோ. உவன் ஏதும் கீறி வைச்சிருப்பான்."

"ஓம், கீறித்தான் வைச்சிருக்கிறன். வந்து நக்கிப் பாக்கச் சொல்லு."

நான் ஹோஸைக் கழற்றி, துடைத்து, பழைய வேட்டித் துண்டில் சுற்றுவேன். பொட்டால் கொண்டுபோகும்போது கிளுவை முள் படாமல் இருக்கப் பெரியவன் தன் கையால் கொப்பை விலக்கிப் பிடிப்பான். அவ்வளவு கவனம்.

ஹோஸுக்குப் பின்னால் தாய். அவர் உட்கார்ந்திருக்கிற கதிரை பொட்டுக்குள் போகாது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனும் கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்குவார்கள். கால் இழுபடும். வேலி வேரில் அடிபடும். கமக்கட்டுத் தோல் இரண்டு பக்கமும் கறுத்துப்போய் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு வெள்ளி பெரியவனின் மனிசி பார்த்துக்கொண்டு நின்று சொன்னார், "மாமி இந்த முறை பாரம் குறைவு. போன கிழமை அங்கை போட்ட சோறு காணாது போலை."

மறு வளவில் இருந்து சின்னவன், "இங்கையிருந்து போகேக்கை பாரம் இருந்தது. குறைஞ்சது ஆர் வீட்டுக் குறை எண்டு கேளுங்கோ அண்ணை" என்றான்.

தாய் அப்போது பொட்டுக்குள் பாதி, வெளியில் பாதி. ஒரு பக்கம் பெரியவன் பிடித்திருந்தான்.

"பிடிக்கச் சொல்லு உவனை. நான் விடப்போறன்."

சின்னவன் வர முன்னம் விட்டுவிட்டான். தாய் விழுந்தார். தாய் நிலத்தில் இருந்தபடி சேலையைக் கால் மூடி இழுத்தார். என் கையில் ஹோஸ் இருந்தது. கீழே வைக்க இடம் பார்க்கிறதுக்குள் சின்னவன் வந்து தாயை இழுத்துக்கொண்டு போனான்.

அந்த முறை சின்னவனின் காரில் பூட்டிக்கொண்டிருக்கும்போது தாய் கதிரையில் பக்கத்தில் இருந்தார். சின்னவன் மண்ணெண்ணெய் எடுக்கப் போயிருந்தான்.

"மோனை, உன்னட்டைக் கத்தி இருக்கே?"

"என்னத்துக்கு அம்மா?"

"உந்த ஹோஸை வெட்டிவிடு. உது இருக்குமட்டும் என்னைத் தூக்குவினம்."

நான் கிளிப்பை இறுக்கினேன்.

"வெட்டினால் உங்களுக்கு ஆர் சோறு போடுறது?"

"இப்ப போடுறதை நீ திண்டு பாத்தனியே?" என்றார். பிறகு சொன்னார், "எந்த வீடு எண்டாலும் சரி. ஒரு இடத்திலை கிடந்து சாக விட்டால் காணும். அவ்வளவுதான் கேக்கிறன்."

நான் வெட்டவில்லை. ஹோஸ் இருக்கும்வரை ஒரு வீட்டில் சோறு கிடைக்கும் என்று என் கணக்கு. தாயின் கணக்கு வேறு. இரண்டில் எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாசியில் எனக்கு அம்மாள் போட்டது. வாசலில் வேப்பிலை கட்டிப் படுத்துவிட்டேன். தலைக்குத் தண்ணீர் வார்த்து வெளியே வரச் சில கிழமை எடுத்தது. அதுவரையும் பெரியவன் தன் கையாலேயே ஹோஸைக் கழற்றியிருக்கிறான். அந்த நாளில் எது இறுகினாலும் மண்ணெண்ணெய் விடுவதுதான் பழக்கம். துருப்பிடித்த ஆணிக்கு மண்ணெண்ணெய், பூட்டுக்கு மண்ணெண்ணெய், தலைப் பேனுக்கும் மண்ணெண்ணெய். அவன் ஹோஸின் வாயிலும் விட்டிருக்கிறான். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பூட்டும்போதும் தடவினான். சின்னவனும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டான்.

நான் போன வெள்ளி பெரியவன் சிரித்தான்.

"உன்ரை கரண்டியையும் செவ்வரத்தையையும் கொண்டுபோய்ச் சொதி வை. பார், எப்பிடிக் கழருதெண்டு."

ஹோஸை வாங்கி அழுத்திப் பார்த்தேன். தண்ணீரில் நனைந்த பாண் ரொட்டியைப் பிடித்த மாதிரி இருந்தது. வாய் ஊதிப்போயிருந்தது.

"மண்ணெண்ணெய் றப்பரைத் தின்னும்" என்றேன்.

"ஓடுதுதானே?"

"இண்டைக்கு ஓடும்."

"இண்டையிலை இருந்து உது உவன்ரை முறை. எனக்கென்ன" என்றான் பெரியவன்.

சின்னவனிடமும் சொன்னேன். அவனுக்குக் கொழும்புத்துறைக்கு ஹயர் இருந்தது. விட மனமில்லை. "பூட்டுங்கோ அண்ணை, மெல்ல ஓடுறன்" என்றான். பூட்டினேன்.

பாதி வழியில் வெடித்தது. காரை மாட்டு வண்டிலில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். ஹோஸைக் கழற்றினேன். அதற்குக் கரண்டி தேவைப்படவில்லை. விரலோடு வந்தது. கிழிந்த இடத்தை வெட்டி, உள்ளே தகரக் குழாய் வைத்துக் கட்டிப் பார்த்தேன். கட்டின கம்பி றப்பருக்குள் புதைந்து மற்றப் பக்கமும் பிளந்தது. அதற்குமேல் ஒன்றும் செய்ய இல்லை.

அடுத்த வெள்ளி சின்னவன் என்னைக் கூப்பிட்டான். வெடித்ததை நான் என் வாயால் பெரியவனுக்குச் சொல்ல வேண்டுமாம். போனேன். சின்னவன் தாயைக் கதிரையோடு பொட்டடிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான். பெரியவன் தன் வளவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சாமான் எங்கை?"

"வெடிச்சிட்டுது" என்றேன்.

"அப்ப முறையும் வெடிச்சிட்டுதெண்டு உவனுக்குச் சொல்லு."

"நான் இந்தக் கிழமை முழுக்க ஓடாமலே சோறு போட்டனான்" என்றான் சின்னவன். "இனி உவன்ரை கிழமை. கதிரையை இதிலை வைச்சிட்டுப் போறன். எடுக்கிறதும் விடுறதும் உவன்ரை பாடு."

"வைச்சவன் எடுப்பான்" என்றான் பெரியவன்.

இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். வெயில் ஏறியது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாய்மாமன் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டு நின்றார்.

"நான் தீர்ப்புச் சொன்னது ஹோஸுக்கு" என்றார். "ஹோஸ் இல்லாட்டி என்ன தீர்ப்பு?"

திரும்பி வந்தபோதும் தாய் அதே இடத்தில்தான். முகம் சிவந்துபோய் இருந்தது. பூவரசங் கொப்பு நாலு வெட்டி நட்டு, மேலே தென்னோலைக் கிடுகு போட்டேன். வெயிலுக்கு மறைப்பு, வேறொன்றும் இல்லை.

பெரியவன் வந்து பார்த்தான். குனிந்து வேலி போகிற நேரைப் பார்த்தான்.

"இந்தக் கம்பு என்ரை பக்கம் ஒரு சாண் வந்திட்டுது. தள்ளி நடு."

பிடுங்கித் தள்ளி நட்டேன். சின்னவன் வந்து மற்றப் பக்கம் பார்த்தான். தன் பக்கம் வந்ததையும் தள்ளச் சொன்னான். தள்ளினேன். கடைசியில் கொட்டில் கதிரையின் அகலத்துக்கு வந்தது. தாய் வலது காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இடது கால் வெயிலில் கிடந்தது.

"இனித் தூக்க மாட்டினம், என்ன மோனை?"

"மாட்டினம் அம்மா."

"அப்ப சரி" என்றார்.

பிறகு கதிரைக்குப் பதிலாக ஒரு சாக்குக் கட்டில் வந்தது. அதை யார் வைத்தார்கள் என்று தெரியாது. இரண்டு பேரும் தாங்கள் என்றார்கள். ஒரு நாள் இந்த வளவில் இருந்து சோறு வரும், ஒரு நாள் அந்த வளவில் இருந்து. சில நாள் இரண்டிலும் இருந்து வராது. மற்ற வீடு கொடுத்திருக்கும் என்று இரண்டு வீடும் சொல்லும். நான் அந்த வழியால் போனால் பாணில் ஒரு துண்டு கொடுப்பேன். "பல்லிலை ஒட்டுது, உதை ஏன் கொண்டு வாறாய்" என்று பேசிக்கொண்டு சாப்பிடுவார்.

மாரி தொடங்கின கிழமை தாய் செத்துப்போனார். கிடுகு ஒழுகியிருந்தது.

செத்தவீட்டை யார் நடத்துவது என்று இரண்டு பேரும் அடிபட்டார்கள். பிரேதம் தன் முற்றத்தில்தான் கிடக்க வேண்டும் என்று பெரியவன். தன் முற்றத்தில்தான் என்று சின்னவன். ஊர்ச் சனம் கூடிப் பெரியவனின் முற்றம் பெரிது என்று முடிவு சொன்னது. வெள்ளை கட்டினார்கள். பறை வந்தது. பொட்டால் கொண்டுபோகும்போது நாலைந்து பேர் பிடித்தார்கள். கால் நிலத்தில் படவில்லை.

பெரியவன் தோளில் துவாயோடு என்னிடம் வந்தான். தூர இடத்துச் சொந்தக்காரர் வரப்போகிறார்கள் என்றான்.

"சனம் வர முன்னம் உந்தக் கொட்டிலைப் பிடுங்கு."

கிடுகைக் கழற்றினேன். கம்பு நாலையும் பிடுங்கினேன். மழையில் நனைந்த மண், சுகமாக வந்தது. ஒரு கம்பில் வேர் விட்டிருந்தது. பெரியவன் கால் விரலால் குழியைத் தட்டிப் பார்த்தான்.

"குழியையும் மூடு" என்றான்.

மூடினேன்.