செத்தவன் பேசக்கூடாது

இங்கே விளையாட்டில் செத்துப்போனவன் வாயைத் திறக்கக்கூடாது. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் எழுதியே வைத்திருக்கிறார்கள். பாரிசுக்கு வெளியே அவரவர் வீட்டில் ஐந்து பேர் ஹெட்ஃபோனும் மைக்குமாக உட்கார்ந்து, இணையத்தில் வேறு ஐந்து பேரைச் சுட்டு விளையாடுகிறோம். அதற்கு இரண்டு பக்கத்துக்கு ஒழுங்குமுறை. பேசும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருவன் பேச்சில் இன்னொருவன் விழக்கூடாது. செத்தவன், தன்னைச் சுட்டவன் எங்கே நிற்கிறான் என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு, அந்தச் சுற்று முடிகிறவரை ஊமையாக இருக்க வேண்டும். மீறினால் எங்கள் தலைவன் ஜெரோம், "சிலான்ஸ், லே மோர்" என்பான். பிணங்களே, அமைதி என்று அர்த்தம். என் அம்மா குக்கர் வைத்த அன்று, மைக்கில் விசில் கேட்டு, உன் வீட்டுக்குள் ரயில் போகிறதா என்று நிஜமாகவே கேட்டவன் அவன்.

ஊரில், எங்கள் உப்பளம் பேட்டையில் நாங்கள் ஆடிய பிரவுசிங் சென்டரில் எல்லாம் தலைகீழ். ஒரே அறையில் எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஓட்டை ஃபேன், மைக் என்ற பேச்சே கிடையாது. அங்கே செத்தவனுக்குத்தான் வேலை அதிகம். நாற்காலியை விட்டு எழுந்து, உயிரோடு இருப்பவன் பின்னால் போய் நின்றுகொள்வான். இடது தோளில் தட்டினால் இடப்பக்கம் ஆள், வலது தோளில் தட்டினால் வலப்பக்கம், பிடரியில் ஒன்று வைத்தால் பின்னால். அது போக வாயும் ஓயாது. செல்வம் அந்த சென்டரில்தான் வேலை பார்த்தான். மீன் வியாபாரக் குடும்பம். எனக்கு அந்த வேலை வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன். அவன் கை என் தோளில் இருந்தால் எனக்குப் பயமே இருக்காது. என் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, அவனுக்கு இல்லை. நான் பிளேன் ஏறினேன்.

இங்கே எங்கள் அணியில் ஒருவன் விலகியபோது ஜெரோமிடம் கெஞ்சிக் கூத்தாடி செல்வத்தைச் சேர்த்துவிட்டேன். ஊருக்கு அப்போதுதான் பிராட்பேண்ட் வந்திருந்தது, சென்டரில் மைக்கும் வாங்கியிருந்தார்கள். கோஷ் என்றால் இடது, துருவாத் என்றால் வலது, போர்த் என்றால் கதவு என்று போனிலேயே பத்து வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். பிரான்ஸ் டீமுக்கு ஆடுகிறேன் என்று சென்டர் முழுக்கச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் நாற்காலிக்குப் பின்னால் பத்து பேர் கூட்டம். முதல் ஆட்டத்தில் செத்தான். செத்த பிறகு பேசினான் பாருங்கள், விடாமல் பேசினான். பின்னால் நின்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். உன் ஆளுக்கு விதியைச் சொல் என்றான் ஜெரோம். எனக்கு மானம் போனது. பொத்தானை அழுத்தி, "செத்தா வாய மூடிக்கினு இரு, அவ்ளோதான்" என்று கத்தினேன். ஒரு வாக்கியம் சொல்லலாம் என்ற பாதியை விழுங்கிவிட்டேன். அதைச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்த ஞாயிறு, கடைசிச் சுற்று. எங்கள் அணியில் நானும் செல்வமும் மட்டும் மிச்சம். முன்னால் போன செல்வம் கதவருகே செத்தான். மைக்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சொல்ல ஒன்றும் இல்லை போல, சுட்டவன் போய்விட்டான் என்று நினைத்து உள்ளே போனேன். சுட்டவன் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தான். தோற்றோம். ஜெரோம் எரிந்து விழுந்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்லாதவன் எதற்கு, உன் இந்தியனை அனுப்பிவிடு என்றான். உன் இந்தியனாம்! எதற்கெடுத்தாலும் மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்கிறவன், ஓர் ஆளை வெளியே தள்ளும்போது அவன் பெயரைச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. "இன்னாடா சொல்றான்? நான் வாயே தொறக்கலயே" என்று கேட்டான் செல்வம். ஒன்றுமில்லை என்றேன். திரையில் இருந்த அணிப் பட்டியலிலிருந்து அவன் பெயர் மறைந்தது. அங்கே அவன் பின்னால் பத்து பேர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஜெரோமைத் திட்டிக்கொண்டே இருக்கிறேனே, அப்போது ஆட்டம்தான் முடிந்திருந்ததே. நான் பேசக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த அணியிலிருந்து என்னையும் தூக்கிவிடுவார்களோ என்று பயந்து, கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். த்தூ.

மறு வருஷம் லீவில் ஊருக்குப் போனபோது சென்டருக்குப் போனேன். செல்வம் பக்கத்து நாற்காலியைத் தள்ளிப்போட்டான். ஆட ஆரம்பித்தோம், நான்தான் முதலில் செத்தேன். செத்ததும் கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தேன். அவன் திரும்பாமலே சொன்னான்:

"செத்துட்டல்ல? பின்ன இன்னாத்துக்கு அங்கியே குந்திக்கினு இருக்க? எழுந்து வா."

எழுந்து போய் அவன் பின்னால் நின்றேன். என்னைச் சுட்டவன் இடப்பக்கச் சுவருக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். கையைத் தூக்கி அவன் இடது தோளில் வைப்பதற்குள் அவனும் செத்தான். "லேட்டு" என்றான், அவ்வளவுதான். அன்றைக்குச் சொல்லாததை இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நின்றேன். கை அவன் தோளில்தான் இருந்தது. வாய் திறக்கவில்லை.