8080-இல் உட்கார்ந்திருந்த ஆள்

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். உத்திரமேரூரையே கலாய்க்கிறவன், நானே பல்பு வாங்கியதை எதற்குச் சொல்ல வேண்டும்?

செங்கல்பட்டில் ஒரு கம்பெனி வேலைக்கு இன்டர்வியூ. என் லேப்டாப்பில் ஜாவா சர்வர் என்ற புரோகிராமை ஓடவிட்டு, அந்தக் கம்பெனி மேடத்துக்கு வீடியோ காலில் காட்டினால் போதும். காலுக்கு முன்பே அதைக் கிளிக் செய்தேன். ஒரு கறுப்புத் திரை வந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து அதைக் கீழே இறக்கிவிட்டேன். கால் வந்ததும் மறுபடி கிளிக் செய்தேன். ஒரு நேரத்தில் ஒரே புரோகிராம் உட்காரக்கூடிய 8080 போர்ட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று எரர் வந்தது.

"மேடம், எவனோ உள்ள உக்காந்துக்கினு கீறான்."

"யாருன்னு பாருங்க தம்பி."

எப்படிப் பார்ப்பதென்று தெரியவில்லை. ஊரெல்லாம் நீளும் என் வாய்க்கு, "தெரியல மேடம், சொல்லிக்குடுங்க" என்று கேட்க வரவில்லை.

"சரி தம்பி, அடுத்தவங்கள கூப்பிடறேன்" என்று அவர் வீடியோ காலைக் கட் செய்துவிட்டார்.

முந்தின நாள் லேப்டாப்பை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தந்த நண்பன் சேகர் மேல் பாய்ந்தேன். "உள்ள இன்னாடா பண்ணி வச்ச?"

அவன் அந்தக் கறுப்புத் திரையை மேலே கொண்டுவந்தான். நான் முதலில் கிளிக் செய்த சர்வர் அதில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பஸ்ல நீயே துண்டு போட்டு எடம் புடிச்சிட்டு, எவன்டா துண்டு போட்டதுன்னு என்னாண்ட சண்டைக்கு வர்றியா?" என்றான்.