அப்பா பரோட்டா பழகிய வருஷம்

அப்பா பட்டாளத்தை விட்டு வந்த வருஷம் எங்கள் வீட்டில் தலை துவட்டக் காய்ந்த துண்டு ஒன்றுகூடக் கிடைக்காது. குளித்துவிட்டு ஈரத்தோடு நின்று கத்தினால், பாவாடையில் துடைத்துக்கொள் என்று அடுப்படியிலிருந்து அம்மா பதில் கொடுப்பாள். துண்டெல்லாம் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். அப்பா பின்வாசலில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து, துவைக்கிற கல்லின் மேல் பளார் பளார் என்று வீசிக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்கள் துணி துவைக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அவர் பரோட்டா போடப் பழகிக்கொண்டிருந்தார்.

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்று வந்தவர். எங்கள் தென்காசிப் பக்கம் அப்படி வருகிறவர்களுக்கென்று ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு வாசலில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார வேண்டும். என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அப்பா ஊர் வந்து சேர்வதற்கு முன்பே சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தார். அப்பாவோ, காவல் காத்தது போதும், குற்றாலத்தில் சொந்தமாகப் பரோட்டாக் கடை வைக்கப் போகிறேன் என்றார். பரோட்டா மாஸ்டரை நம்பிக் கடை வைத்தால், சீசன் நாளில் அவர் லீவு போட்டதும் கடையைச் சாத்த வேண்டியதுதான்; அதனால் முதலில் தொழிலைத் தானே கற்றுக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். வெந்நீர் போடக்கூட அடுப்பைப் பற்றவைத்து அறியாத மனுஷர். மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மா சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. ஒரு கெடு வைத்தாள். ஆனியில் சாரல் தொடங்குகிற வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் கை வரவில்லையென்றால் மறுபேச்சு பேசாமல் சென்னைக்கு ரயிலேற வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை அப்பா என்றால் வருஷத்துக்கு ஒரு தரம் பெட்டியோடு வந்து, நான் கூச்சம் விட்டுப் பழகி முடிப்பதற்குள் பெட்டியோடு போய்விடுகிற ஆள். இப்போதுதான் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிற அப்பா எனக்குக் கிடைத்திருந்தார். ஒரு மைதா உருண்டை சரியாக விரியவில்லை என்பதற்காக அவரை மறுபடியும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற சாலையில், தெரிந்தவர் ஒருவரின் கடையில் அப்பா சேர்ந்தார். அங்கே மாஸ்டராக இருந்தவர் கடையநல்லூர்க்காரர். மீசை அப்போதுதான் கறுத்திருந்த வயசு. அப்பா கடைசிச் சில வருஷம் பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களை வெயிலில் ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்தவர். அந்தப் பையன்களின் வயசுதான் இவருக்கும். ஆனாலும் முதல் நாளே அப்பா அவரை மாஸ்டர் என்றும் நீங்கள் என்றும்தான் கூப்பிட்டார். பதிலுக்கு அவர் அண்ணாச்சி என்று அழைத்தாரே தவிர, வேலையில் ஒரு சலுகையும் காட்டவில்லை. முதலில் வெங்காயம் உரிக்க விட்டார். பிறகு பரோட்டாக் கல் தேய்க்க. மாவில் கை வைத்துப் பிசைய விட்டதே பங்குனி பிறந்த பிறகுதான். அதற்கப்புறம்தான் இந்த ஈரத் துண்டு. வீச்சு பழகுகிற யாரும் மாவை வீசுவதற்கு முன்னால் ஈரத்துணியை வீசித்தான் பழக வேண்டுமாம். துணி மடங்காமல் விரிந்து விழ ஆரம்பித்தால் மாவும் விழுமாம்.

அப்பா இதையும் பட்டாளத்து வேலை மாதிரியே செய்தார். விடிந்தும் விடியாமலும் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்று, "ஏக், தோ, தீன்" என்று எண்ணி எண்ணி வீசுவார். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து, "மைனி, அவுகளுக்கு எங்கனயாச்சும் மந்திரிச்சுப் பாக்கலாம்லா" என்று காதைக் கடித்துவிட்டுப் போனாள்.

துண்டு சொன்னபடி கேட்டது. மாவு கேட்கவில்லை. கடையில் போட முடியாத கிழிசல்களை அப்பா பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார், அம்மா அதை முட்டையோடு கொத்திப் போடுவாள். தின்பதற்கு எனக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் பொட்டலம் பெரிதாக இருந்தால் சென்னை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் ஒவ்வொரு வாயும் பயந்துகொண்டேதான் இறங்கும்.

கோடை விடுமுறையில் ஒருநாள் அப்பாவோடு கடைக்குப் போயிருந்தேன். அப்பா மாவு வீசுவதை மாஸ்டர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணாச்சி, துப்பாக்கியப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிய. அது எங்கயும் ஓடிராது. கொஞ்சம் லூஸா விடுங்க" என்றார். அப்பா விறைப்பாக நிமிர்ந்து, "சரி மாஸ்டர்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் அப்பாவுக்கு ஒருத்தர் இப்படிச் சொல்வதா என்று வீடு வருகிற வரைக்கும் உம்மென்றே இருந்தேன்.

ஆனால் அப்பா லூஸாக விட்டார் போல. வைகாசி முடிவதற்குள் மாவு அவர் கையில் வட்டமாக விரிந்து, கண்ணாடி மாதிரி மெலிந்து கல்லில் விழுந்தது. பொட்டலம் வருவது நின்றுபோனது. தப்பித்தோம் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று நிம்மதியாகக் கும்பிட்டேன்.

ஆனியில் சாரல் விழுந்தது. அருவியில் குளிக்க வந்த மாமா எங்களையும் அழைத்துக்கொண்டு, தலை ஈரம் சொட்டச் சொட்ட நேரே அப்பா தொழில் பழகும் கடைக்குக் கூட்டிப் போனார். பசியோடு கூட்டம் நெருக்கியடித்தது. மாஸ்டர் அன்றைக்கு இல்லை. வளைகுடாவிலிருந்து வருகிற அண்ணனைக் கூட்டிவரத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போயிருந்தார். கல்லில் அப்பா தனியாக நின்றார்.

மாவில் கோளாறு. அப்பா வழக்கமான அதே செம்பால் அளந்துதான் தண்ணீர் ஊற்றியிருந்தார். அளவு மாறக்கூடாது என்பது பட்டாளத்துப் பாடம். சாரல் காற்றில் மைதா முன்னமே ஈரத்தைக் குடித்திருக்கும், தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பது வெயில் காலத்தில் பழகிய அவருக்குத் தெரியாது. உருண்டை நெகிழ்ந்து கையோடு வந்தது. வீசினால் நடுவில் பொத்தல். ஒன்று, இன்னொன்று, அடுத்ததும் அப்படியே. ஒருவர் டம்ளரால் மேசையைத் தட்ட ஆரம்பித்தார். மாமா அம்மா பக்கம் சாய்ந்து, கெடு முடிந்தது, நாளைக்கே சென்னைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று முணுமுணுத்தார்.

அப்பா வீசுவதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஐயா, நான் இப்பத்தான் பழகுதேன். மாவு இன்னைக்கு ஏன் இப்படி இருக்குன்னு எனக்குத் தெரியல. மாஸ்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுதேன். அவசரம்னா பக்கத்துக் கடையில சாப்பிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன்."

கையெல்லாம் மாவு. அதனால் போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டார். கடையே காது கொடுத்துக் கேட்டது.

"மாஸ்டர், எனக்குத் தெரியல. சொல்லித் தாங்க."

சாரல் விழுதா என்று கேட்டார் மாஸ்டர். தண்ணீரைக் குறைத்திருக்க வேண்டும், தான்தான் சொல்லாமல் வந்துவிட்டதாக வருத்தப்பட்டார். இன்னும் கொஞ்சம் மைதா அள்ளிப் போட்டுப் பிசைந்து ஊறவையுங்கள், யார் கத்தினாலும் அரைமணி நேரம் கை வைக்காதீர்கள் என்றார். அப்பா "சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளை மாதிரி மறுபடியும் மாவைப் பிசையத் தொடங்கினார்.

பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் நடுங்கிக்கொண்டே காத்திருந்து, கடைசியில் வந்ததைச் சால்னாவில் தோய்த்துத் தின்றார்கள். ஒன்றுகூட வட்டமாக இல்லை. என் தட்டை நான் தள்ளி வைத்துவிட்டேன். எல்லையில் நின்ற என் அப்பா, ஊர் முன்னால் தெரியாது என்று கை விரித்துவிட்டாரே என்று தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்போதுதான் அம்மா மாமாவிடம் சொன்னாள்: "அண்ணே, இவுக வரலன்னு மெட்ராஸ்ல சொல்லிருங்க. இத்தன வருஷமும் போன்ல எதக் கேட்டாலும் எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்லுவாக. குளிருதான்னு கேட்டாலும் அதான், காயம் பட்டுக் கிடந்தப்பவும் அதான். தெரியலன்னு இவுக சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன்."

இவ்வளவு கேவலப்பட்ட ஆளை இனி சென்னையில்கூட வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அம்மா முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே அவமானத்துக்குத்தான் அழுகிறோம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.