நான் வாசித்த கூட்டறிக்கை

நேற்று சிட்னியில் இந்த நாட்டு அமைச்சரும் இன்னொரு நாட்டு அமைச்சரும் கொடிகளுக்கு முன்னால் நின்று கைகுலுக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வெளியுறவிலும் கடல் பாதுகாப்பிலும் இனி இரண்டு நாட்டுக்கும் ஒரே கொள்கையாம், கூட்டறிக்கை விட்டிருக்கிறார்கள். எனக்கு உடனே படங்குத் துணி ஒட்டும் பசையின் நெடி மூக்கில் ஏறியது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் டண்டினொங் புறநகரில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். எல்லோரும் ஊரிலிருந்து அகதிகளாகப் படகில் வந்தவர்கள், எல்லோருக்கும் தற்காலிக விசா. நானும் சிவமும் படகுகளுக்கு மேலே வெயில் மறைக்கக் கட்டும் படங்கு தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தோம். மாலையில் குசினி மேசையில் தேநீரும் என் செய்தி வாசிப்பும் நடக்கும். அந்த வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பவுசு கொஞ்சநஞ்சமல்ல. கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, அரைகுறையாய் விளங்கியதை முழுதாய் விளங்கியவன்போல் சொல்வேன்.

ஒருநாள் இந்த நாடும் எங்கள் நாடும் விட்ட கூட்டறிக்கை வந்தது. கடலில் சேர்ந்து காவல், எங்கள் நாட்டுக்கு ரோந்துப் படகு அன்பளிப்பு, நட்பு, மனிதாபிமானம்.

"அப்ப எங்கட ஆக்களுக்கு நல்லதோ அண்ணை?" என்றான் சிவம்.

"ஓம், ஓம். ரெண்டு அரசாங்கமும் சிநேகமாயிட்டினம். இனிக் கடலில பிடிச்சாலும் பத்திரமா இஞ்சதான் கொண்டு வருவினம்."

அந்தச் சிநேகம் யாருக்கு எதிராக என்று யோசிக்காத மடையன் நான். சிவம் அன்றைக்கே ஊரிலிருந்த தம்பி குகனுக்குப் போன் எடுத்தான். "வெளிக்கிடடா, பயமில்லை. அண்ணை வாசிச்சவர்."

அதே மாதம் தொழிற்சாலையில் ஓவர்டைம். அன்பளிப்புப் படகுகளுக்குச் சாம்பல் நிறப் படங்கு, இரட்டைத் தையல். தம்பி வரும் சந்தோஷத்தில் சிவம் பாடிக்கொண்டே தைத்தான். நானும் தாளம் போட்டேன்.

குகன் வந்த வள்ளத்தை இந்த நாட்டுக் கப்பல் மறித்தது. நடுக்கடலிலேயே எங்கள் நாட்டு ரோந்துப் படகில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஊர்ச் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் குகன் போனில் பேசினான். சிவம் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"நல்லா அடிச்சவங்கள் அண்ணா. வலது காது கேக்காது. வெயில் மட்டும் படேல்லை. அந்த ரோந்துப் படகுக்கு மேல சாம்பல் நிறத்தில புதுப் படங்கு, ரெட்டைத் தையல் போட்டது."

சிவம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பாமல், "நல்லா வாசிச்சியள் அண்ணை" என்றான். அடுத்த கிழமை சொல்லாமல் வீட்டை விட்டுப் போனான். அவன் எங்கே என்று இன்றுவரை தெரியாது.

தொழிற்சாலை இப்போது கார் விற்கும் இடம். வீட்டையும் இடித்துவிட்டார்கள். என் ஆங்கிலம் மட்டும் நன்றாகத் தேறிவிட்டது. நேற்றைய அறிக்கையில் ஒரு வரிகூடத் தப்பாமல் விளங்கியது. "வாசியுங்கோ அண்ணை" என்று கேட்கத்தான் ஒருவருமில்லை.