காலித் திரையைச் சேமித்த பிளக்இன்

கம்ப்யூட்டரில் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைப் பல ஜன்னல்களாகப் பிரித்துத் தரும் ஒரு மென்பொருளில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கரண்ட் போனால் ஜன்னல்கள் எல்லாம் மறைந்துவிடும். அவற்றைச் சேமித்து மீட்டுத் தரும் பிளக்இன் என்கிற இரண்டு இலவச ஒட்டு மென்பொருள்களை ஒப்பிட்டு, மூன்று மணிக்கு வீடியோ காலில் ஆபீஸ்காரர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஒன்று, நாம் விசையை அழுத்தினால்தான் சேமிக்கும். மற்றது கால் மணிக்கொரு முறை தானே சேமிக்கும்.

அரியலூரில் அன்று மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் போன கரண்ட் இரண்டு மணிக்கு வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு, மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து மீட்டால், ஒரே ஒரு காலி ஜன்னல். தானாகச் சேமிக்கும் புண்ணியவான், நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் காலித் திரையை அக்கறையாகச் சேமித்திருந்தார்.

"போச்சு, எல்லாம் போச்சு!" என்று அலறினேன்.

"கரண்டு போனப்பகூட இப்படிக் கத்தல, வந்தப்புறம் எதுக்குங்க கத்துறீங்க?" என்றாள் மனைவி.

"பழசெல்லாம் அழிஞ்சிடுச்சுடி!"

"பாத்தீங்களா, இல்ல பாக்காமயே ஒப்பாரியா?"

பார்க்கவில்லைதான். பார்த்தேன். ஒவ்வொரு சேமிப்பும் நேரத்தோடு தனித்தனிக் கோப்பாக இருந்தது. காலையில் கரண்ட் போகுமுன் நானே விசையை அழுத்திச் சேமித்ததும் இருந்தது. அதை எடுத்து மீட்கச் சொன்னதும் பன்னிரண்டு ஜன்னல்களும் வரிசையாகத் திறந்தன.

மூன்று மணிக்கு அதே வித்தையை எல்லார் முன்னும் செய்து காட்டி, "இரண்டையும் போடுங்க, ஆனா கையால சேமிக்கிறதை விட்டுடாதீங்க" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"சார், நாளைக்கு எங்க பெரம்பலூர்ல கரண்டு கட்டு. இப்பவே போட்டுடுறேன்" என்றார் ஒருவர்.