மடங்காத குடை

துரை வரும்போது குடையை மடக்கக் கூடாது என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான்தான். ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வானமே பொத்துக்கொண்டு ஊற்றினாலும் தோட்டத்தை ஆளும் பெரிய துரையின் ஜீப் தெரிந்துவிட்டால் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழைநீர் ஓடும் பாதையோரத்துக் கானில் இறங்கி நிற்க வேண்டும்.

"இனி எவன் வந்தாலும் நம் குடை மடங்காது!" என்று, நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் கூடிய தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் முழங்கினேன். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. என் மனைவி மட்டும் தட்டவில்லை.

"ஒதுங்கி நின்னா என்ன, கொறஞ்சா போயிருவோம்? தொரை நமக்குப் படியளக்கிறவரு. மரியாதை வேணாமா?" என்றாள் வீட்டுக்கு வந்ததும். அடிமைப் புத்தி என்றால் என்னவென்று அவளுக்கு விளக்கினேன். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்.

பத்து நாள் கழித்து எங்கள் ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சல். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, மூச்சு இழுத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். கொட்டும் மழையில் என் மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ள, நான் குடை பிடித்தேன். பாதி வழியில், வளைவுக்கு அப்பால் ஜீப் சத்தம்.

அடுத்து நடந்ததை நான்தான் செய்தேன் என்று இன்றும் நம்ப முடியவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் குடை மடங்கி என் கக்கத்தில் இருந்தது. நான் கானுக்குள் நின்றேன். மழை பிள்ளையின் முகத்தில் அடித்தது, அது வீறிட்டது.

அவள் குனிந்து என் கக்கத்திலிருந்து குடையை உருவினாள், விரித்தாள், நடுப்பாதையில் நடந்தாள். ஜீப் நின்றது. துரை தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. கடைசியில் ஜீப்தான் மேட்டுப் பக்கம் ஒதுங்கி வழிவிட்டது. அது கண்ணுக்கு மறையும்வரை நான் கானை விட்டு ஏறவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் நனைந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மருந்து கொடுத்தவர். எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மழை மூட்டத்தில், ஜீப்புக்கு முன்னால் விரிந்த குடை ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. சொன்னதைச் செய்துவிட்டான் மனுஷன் என்று தோட்டமே பேசியது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். "அப்படியில்லை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததென்னவோ அரைமணி நேர வீர உரை. பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை கைதட்டினாள்.

திரும்பும் வழியில் தூறல் விழுந்தது. கழுத்தில் மாலையோடு குடையை விரித்தேன்.

"நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா தொரைக்கு மரியாதை குடுக்கத்தான் வேணும்னு நா இன்னமும் சொல்லுவேன்" என்றாள்.

அவள் பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, புள்ளைய நீங்க வச்சுக்கங்க. கொடைய எங்கிட்டக் குடுங்க."