நயினார் வீட்டு மீன்

காலை ஏழு மணிக்குச் சென்னையில் பஸ் ஏறி, இரண்டு ரூபாய் சொச்சம் கொடுத்து, ஒன்பதரைக்குக் காஞ்சிபுரத்தில் இறங்கினேன். அறுபத்தெட்டாம் ஆண்டு, தை மாதம். இங்கே வருகிறவர்கள் பட்டு எடுக்க வருவார்கள், கோயில் பார்க்க வருவார்கள். விலங்கியல் வாத்தியாரான நான் வந்தது ஒரு மீனைப் பார்க்க. திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நயினார் வீட்டில் கிணறு வெட்டியபோது மீன் பதிந்த கல் கிடைத்ததாக நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்.

"நயினார் வூட்ல மீனா?" ஜட்கா ஓட்டிய பாய் வண்டியையே நிறுத்திவிட்டார். "அவங்க எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்களே சார்!"

சமணர்களை இந்தப் பக்கம் நயினார் என்பார்கள். "கல்லு மீன், பாய்" என்றேன். "அப்ப சரி" என்று குதிரையைத் தட்டினார். இரண்டு மைலுக்கு ஒரு ரூபாய். நெசவாளர்கள் தெருவை அடைத்துப் பாவு நூல் நீட்டியிருந்ததால் இரண்டு இடத்தில் சுற்றிக்கொண்டு போனோம்.

அப்பாண்டை நயினார் ஐம்பது வயது விவசாயி. தாழ்வாரத்தில் கோணிமேல் கல்லை வைத்திருந்தார். தலை இல்லை, உடம்பும் வாலும் ஒரு முழம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். சந்தை மீனின் செதிலை நகத்தால் சுரண்டிவிடலாம். இதன் செதில்களோ சாய்சதுரமாக, கனமாக, ஒன்றோடொன்று கோத்து, ஓடு வேய்ந்த மாதிரி உடம்பை மூடியிருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் மினுமினுப்பு போகவில்லை. நான் தேடிக்கொண்டிருந்த, கவசம் போட்ட ஆதி எலும்பு மீன் இனம்தான் என்று நிரூபிக்க ஒரே ஒரு செதில் வேண்டும். அதைத் தேய்த்து நுண்ணோக்கியில் காட்டாவிட்டால் எங்கள் பேராசிரியர் நம்பமாட்டார். என் மூன்று வருட ஆராய்ச்சி அந்தரத்தில் நிற்கும். சுத்தியலை எடுத்தேன்.

"அது வேணாங்க" என்றார் நயினார்.

"இது செத்துப் பல கோடி வருஷம் ஆச்சுங்க."

"எப்போ செத்துச்சோ எனக்குத் தெரியாது. நீங்க அடிக்கிறது இன்னிக்குத்தானே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்தவன் பேச்சு எடுபடாத கோபம்தான், வேறென்ன. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மதியம் முழுக்க அளந்தேன், படம் வரைந்தேன். அவர் மோர் எடுத்துவர உள்ளே போனபோது வால் பக்கம் தடவினேன். ஒரு செதில் ஆடியது. விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை. அதனால் ஐந்து மணிக்கே இலை போட்டார்கள். "வெக்கப்படாம சாப்பிடுங்கண்ணா" என்று நயினாரின் மனைவி அள்ளி அள்ளி வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவியதும் நேரே போய்ச் செதிலை அதன் பள்ளத்தில் வைத்தேன். திரும்பினால் நயினார் நிற்கிறார்.

"அது போன மாசமே உதிர்ந்துடுச்சுங்க. நான்தான் எடுத்து அதே எடத்துல வச்சிருந்தேன். கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

வெட்கத்தில் காது சுட்டது. பிறகு கேட்டேன். பருத்தித் துணியில் முடிந்து கொடுத்தார்.

நுண்ணோக்கியில் அந்த இனத்துக்கே உரிய மினுக்குப் பூச்சு அடுக்கடுக்காகத் தெரிந்தது, பேராசிரியரும் நம்பினார். எங்கள் கல்லூரி அலமாரியில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு உண்டு. நான் சுத்தியலால் பெயர்த்துவந்த எல்லாவற்றிலும் 'சேகரித்தவர்' என்று என் பெயர் இருக்கிறது. இந்தச் செதிலின் சீட்டில் மட்டும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு எழுதினேன்: 'கேட்டு வாங்கியது.'